இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காத மாமன்

ஜூன் 4, புதன். திருச்செந்தூர்

இங்கிலாந்துக்கு நான் போகவில்லை. இது இறுதித் தீர்ப்பு. ஐகோர்ட்துரை என்று பெயர் வைத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினால் அந்தப் பெயர் கொண்ட எங்கள் பக்கத்துச் சாமிக்கே அவமானம்.

விசா எடுத்தது பொது அறிவுக்காக. டிக்கெட் எடுத்தது விசா வீணாகக் கூடாதே என்பதற்காக. இன்று பெட்டி அடுக்குவது, காலிப் பெட்டியில் கரப்பான் குடியேறும் என்பதற்காக.

என் தங்கை பிரம்மசக்தியின் மகள் இசக்கிக்கு வருகிற பதினான்காம் தேதி அங்கே ஒரு கிராமத்தில் கல்யாணம். அந்த ஊர் ஆடுமாடுகளுக்கு அவள்தான் டாக்டர். மாப்பிள்ளை டங்கன் என்று ஒரு பால்பண்ணைக்காரர். அப்பா இல்லாத பெண். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கைபிடித்துக் கூட்டிப் போகாமல் ஒரு பெண்ணும் மணவறை ஏறியதில்லை. ஆனால் பிரமு என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அச்சகத்து வேலை ஒன்றில் ஏற்பட்ட சிறு மனத்தாங்கல்.

இசக்கி மட்டும் போனில் குரல் அனுப்பியிருந்தாள். "மாமா, வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. தோணலன்னா நான் தனியாவே நடந்து போய்க்கிடுவேன்."

அதை நாற்பது தடவை கேட்டேன். போன் ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

என் மனைவி செல்லக்கனி, மூட்டுவலியால் எங்கும் நகராதவள், கட்டிலில் இருந்தபடியே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "போகலன்னு சொல்லுதிய. அப்புறம் எதுக்கு ஏழு ஜட்டி?"

"கணக்குக் கேக்காதட்டி" என்றேன். கம்பீரமாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

ஆறடிச் சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். ரயில் ஏறியதும் பெட்டியைச் சீட்டுக் காலோடு பிணைத்துவிட்டுத்தான் நான் சாமி கும்பிடுவதே. இந்தியா முழுக்க என் பெட்டியைத் தொட நினைத்த திருடர்கள் மனம் திருந்திச் சந்நியாசம் போயிருக்கிறார்கள். இம்முறை உள்ளே இருப்பது மாமன் சீர்: அரக்கு நிறத்தில் பட்டுச் சேலை, கரை மட்டும் ஒரு சாண்.

சாவியைத் தொலைத்துவிடுவேன் என்று செல்லக்கனி அதை என் அரைஞாண் கயிற்றில் முடிந்துவிட்டாள். அவள் போடும் முடிச்சைப் பார்த்தால் லாரிக்குப் பாரம் கட்டுகிறவர்கள் தொழிலை விட்டுவிடுவார்கள்.

ஜூன் 12, வியாழன். லண்டன்

வந்து சேர்ந்தேன். இடுப்புச் சாவி மூன்று விமான நிலையங்களில் கத்தியது. மூன்றிலும் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். என் தொப்பை உலக அளவில் அறிமுகமாகிவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

பஸ் டிப்போக் காலத்துச் சிநேகிதர் மகன் வீட்டில் தங்கல். அவனுடைய கோட்டு சூட்டை இரவல் வாங்கியிருக்கிறேன். பேண்ட் இரண்டு அங்குலம் சிறியது. மூச்சை உள்ளே இழுத்தால் சரியாக இருக்கிறது. கல்யாணம் முடியும்வரை மூச்சு விடுவதாக இல்லை.

நான் வருவது பிரமுவுக்குத் தெரியாது. நாளை திடீரென்று போய் வாசலில் நிற்பேன். பிரமு மயங்கி விழுவாள். இசக்கி என் காலில் விழுவாள். வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பிரமு முகத்தில் தெளிக்க ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்து வைத்தாயிற்று. பதினொரு பத்தியில் ஒரு பேச்சும் தயார்.

மயங்கி விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதற்கு ஒன்றும் தயார் செய்யவில்லை. பாட்டில் தண்ணீரை நானே குடிக்க வேண்டியதுதான்.

ஜூன் 14, சனி

காலை 10.30. ரயிலில்

ஒன்பதரை ரயிலுக்கு ஆறேகாலுக்கே போய்விட்டேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். என்னால் ஒரு பஸ்கூடத் தாமதமானதில்லை. பஸ்களால் தாமதமானவை வேறு கதை.

விண்டர்கோம் என்ற ஊரில் 12.22க்கு இறங்க வேண்டும். கல்யாணம் இரண்டு மணிக்கு.

பெட்டியைச் சீட்டுக் காலோடு பிணைத்துப் பூட்டை அழுத்தினேன். எதிரில் ஒரு அம்மையார், மடியில் சோபாத் தலையணை போல ஒரு நாய். இருவரும் சடங்கு பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்."

"இந்தப் பெட்டியில் நாம் இரண்டு பேர்தானே இருக்கிறோம்?"

"அதனால்தான்" என்றேன்.

அம்மையார் சிரித்த சிரிப்பில் நாய் கீழே விழுந்தது. எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார். நாய்க்கும் அதே டப்பாவிலிருந்து தந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வெளியே ஒரே பச்சை. பச்சையில் இத்தனை வகை இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பொத்தான் தைத்தது போல நடுநடுவே ஆடுகள். ஒரு ஓடை ரயிலோடு பந்தயம் வைத்து ஓடி, பாலத்துக்கு அடியில் புகுந்து ஏமாற்றிவிட்டது. அரை மணி நேரம் நான் யாரையும் திட்டவில்லை. இது சாதனை.

பகல் 12.05

பூட்டைத் திறக்க வேண்டும். சாவி இடுப்பில். இடுப்பு பேண்ட்டுக்குள். பேண்ட் பெல்ட்டுக்குள். அம்மையார் எதிரில். கழிவறைக்குப் போகிறேன்.

பகல் 12.50

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். வரலாற்றுக்கு வேண்டும்.

இந்த நாட்டு ரயில் கழிவறை ஒரு சிறிய கல்யாண மண்டபம். கதவு வளைந்து வழுக்கிக்கொண்டு தானே மூடுகிறது. மூடினால் தாழ்ப்பாளும் விழுந்துவிடும் என்று நான் நம்பினேன். அதற்குத் தனிப் பொத்தான் உண்டாம்.

பெல்ட்டை அவிழ்த்தேன். பெல்ட்டின் கொக்கியும் பேண்ட்டின் கொக்கியும் சேர்ந்து தெறித்துக் கைகழுவும் தொட்டியில் விழுந்தன. செல்லக்கனியின் முடிச்சோடு போராடினேன். நகம் தோற்றது. பல் எட்டவில்லை. இடுப்பைப் பல்லால் கடிக்க முயன்ற முதல் டைம் கீப்பர் நான்தான். அந்தச் சமயத்தில் கதவு, திரை விலகுவது போல நிதானமாகத் திறந்தது. வெளியே நாய்க்கார அம்மையார். நாய் குரைக்கக்கூட இல்லை. அவ்வளவு அதிர்ச்சி.

"மன்னியுங்கள். உங்கள் நிலையம் வந்துவிட்டது என்று சொல்லத்தான் வந்தேன்."

பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன். ரயில் நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பூத்தொட்டிகள் வைத்த குட்டி நிலையம். நடுவில் ஒரு உயரமான வெள்ளைக்கார வாலிபர், பட்டு வேட்டி கட்டி, கையில் பெரிய சாமந்தி மாலையோடு நின்றார். ஏதோ அமைச்சர் வருகிறார் போலிருக்கிறது, நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்தேன். என் பெட்டியை இழுத்தேன். சீட்டு வந்தாலும் வருமே தவிரப் பெட்டி வருவதாக இல்லை. பெட்டியை விட்டு இறங்கலாம். ஆனால் சீர் இல்லாமல் எந்த முகத்தோடு போவது? நான் இருக்கிற லட்சணத்தில் சீர்தான் எனக்கு முகம்.

ரயில் கிளம்பியது. மாலைக்காரருக்கு, மரியாதைக்காக, பேண்ட் பிடிக்காத கையால் டாட்டா காட்டினேன். அவரும் தயங்கித் தயங்கிக் கையசைத்தார்.

அம்மையார் கைப்பையிலிருந்து நகம் வெட்டியை எடுத்துக் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிற்றை அறுத்தேன். பூட்டு ஒரு நொடியில் திறந்தது. திறந்து என்ன செய்ய?

பகல் 1.15. நெதர்பிட்

இது ஒரு நிலையம் என்று பலகை சொல்கிறது. பலகையைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை. திரும்பிப் போகிற ரயில் 3.40க்கு. பஸ், செவ்வாயும் வெள்ளியும் மட்டும். வாரத்துக்கு இரண்டே பஸ்! இங்கே டைம் கீப்பராக இருந்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

பிரமுவுக்கு போன் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று வருடம் கழித்துப் பேசும் முதல் பேச்சு. பதினொரு பத்தியில் எது முதல் வரி என்பதே மறந்துவிட்டது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"அண்ணன்."

யாரையோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு, "எங்க நிக்க?"

"நெதர்பிட்ல."

"அங்க எதுக்குப் போன? விண்டர்கோம்ல இல்ல ஒன்ன எதிர்பார்த்து நிக்கோம்!"

"நான் வாரது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மைனி பத்து நாளா தெனமும் போன் போட்டுச் சொல்லுதா. ஏழு ஜட்டி எடுத்து வச்சது வரைக்கும் தெரியும். மாமன மாலை போட்டுல்ல அழைக்கணும்னு மாப்பிள்ளையே டேசன்ல வந்து நின்னாரு. இப்பதான் திரும்பி வந்தாரு. ரயில்ல ஒரு ஆளு பேண்ட்டக் கையில புடிச்சுக்கிட்டு டாட்டா காட்டிட்டுப் போறான்னு சொல்லுதாரு. அது எங்கண்ணன் இல்லன்னு நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

பேண்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"யண்ணே, நீதானா?"

"பெட்டியச் சங்கிலி போட்டுக் கட்டிட்டேன், பிரமு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "கல்யாணத்தப் பதிவு பண்ணுற அம்மா ரெண்டரைக்குக் கெளம்பிருவாளாம். வேற ஊர்ல வேற கல்யாணம். அதுக்குள்ள நடக்கலன்னா இன்னிக்குக் கெடையாது. ஆடு மேய்க்கிறதுலேருந்து அத்தன வேலையும் போட்டுட்டு சனம் வந்து ஒக்காந்திருக்கு. இவ என்னன்னா, மாமா வரட்டும்னு வாசப்படிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கா."

"தனியா நடப்பேன்னு சொன்னாளே?"

"சொன்னா. நீ வாரேன்னு மைனி சொன்ன அன்னிலேருந்து சொல்லல."

"எனக்காக நிறுத்தாதிய. நடத்திருங்க பிரமு."

"அத அவகிட்ட வந்து நீயே சொல்லு. அவளக் கேக்காமச் செய்யிறது ஒன் பழக்கம். என் பழக்கம் இல்ல."

வைத்துவிட்டாள்.

மாலை 5.30. விண்டர்கோம்

பதினாறு மைல். பதிவு அம்மாள் கிளம்ப ஒரு மணி பதினைந்து நிமிடம். ஐகோர்ட்துரை நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டினான். எங்கள் ஊரில் நான் கை காட்டினால் ஓட்டுநர் சாப்பாட்டுக் கடைக்குத் திருப்புவார். இங்கே சேறு பூசிய ஒரு ஜீப் உண்மையிலேயே நின்றது. ஓட்டியது ஹில்டா என்ற பண்ணைக்கார அம்மாள். பின்னால் காலில் கட்டுப்போட்ட ஒரு பெண் ஆடு. என் பேண்ட்டின் நிலையைப் பார்த்து, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிறு ஒன்றைக் கேள்வி கேட்காமல் நீட்டினார். இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஊரில் கொக்கி தெறித்து நின்றால் முதலில் படம் எடுப்பார்கள்.

"இஸி கல்யாணத்துக்கா? நானும் அங்கேதான். இந்த ஆடு காலை ஒடித்துக்கொண்டதால் தாமதம். ஏப்ரலில் கொட்டுகிற மழையில், சேற்றில் படுத்து, இதன் வயிற்றிலிருந்து இரண்டு குட்டியை எடுத்தாள் உங்கள் பெண். நான் அழுதேன், அவள் என்னைத் திட்டினாள். நீங்கள் அவளுக்கு யார்?"

"அம்மாவின் அண்ணன்."

ஜீப் நின்றது. ஆடு முன்னால் வந்து என் பிடரியில் மோதியது.

"அந்த மாமாவா? பெண்ணைக் கேட்காமல் ஆயிரத்தைந்நூறு பத்திரிகை அடித்தவர்?"

ஆங்கிலேய நாட்டின் பாதிக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. சரி. எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

என் மகன் சுயம்புவுக்கு அவள் முறைப்பெண். கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாள் பார்த்தேன், மண்டபம் பிடித்தேன், தங்க எழுத்தில் அடித்தேன், அறுநூறு வீட்டுக்குக் கொடுத்தும் முடித்தேன். தன் கல்யாணம் எப்போது என்று இசக்கி தெரிந்துகொண்டது கூடப் படித்தவள் அனுப்பிய வாழ்த்தில். அவளும் சுயம்புவும் சேர்ந்து வந்து வேண்டாம் என்றார்கள். சுயம்பு ஆண்பிள்ளை என்பதால் அவனை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனத்துக்கு நடுவில் அவளைப் பார்த்து, "இனி ஒனக்கு மாமன் கெடையாது" என்று சொன்னேன். அப்போது ஒரு பஸ்ஸும் குறுக்கே வந்து சத்தம் போடவில்லை. எல்லாருக்கும் கேட்டது. சுயம்பு அடுத்த வருடமே தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான். பிரமு மகளோடு இந்த நாட்டுக்கு வந்துவிட்டாள். அதுதான் அச்சகத்து மனத்தாங்கல்.

"ஆமாம். அந்த மாமாதான்" என்றேன்.

ஹில்டா என்னைப் பார்த்தார். இடுப்புக் கயிற்றைப் பார்த்தார். "அப்படியானால் வேகமாகப் போக வேண்டும்" என்று மிதித்தார்.

அதற்குப் பிறகு அது ஜீப் இல்லை, ராக்கெட். பாதை எங்கள் ஊர்ச் சந்துகளைவிட ஒடுக்கம், இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, வேலி முழுக்கக் காட்டு ரோஜா. உயிர் போகிற பயத்திலும் வாசனை தெரிந்தது. ஒரு திருப்பத்தில் முன்னூறு ஆடுகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. மணி ஒன்று ஐம்பது. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் நான் விசில் வைத்திருப்பேன். இறங்கி, டிப்போ அதிர ஊதுவது போல இரண்டு ஊது ஊதினேன். எங்கள் பஸ்களுக்கு அது "போகலாம்". அந்த ஊர் மேய்ப்பு நாய்க்கு விசில்தான் எஜமான் கட்டளையாம். என் கட்டளைக்கு அது என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டதோ, அங்கங்கே நின்ற ஆடுகளையும் திரட்டிக் கொண்டுவந்து ஜீப்பைச் சுற்றிக் கோட்டை கட்டிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தது. மலைமேல் ஒரு மேய்ப்பர் கம்பை ஆட்டிச் சத்தம் போட்டார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "வாழ்த்துகிறார்" என்றார் ஹில்டா.

பதினான்கு நிமிடம் போயிற்று. நிமிடம் ஒவ்வொன்றும் என் கண்ணெதிரில் மெதுவாக, புல் தின்றுகொண்டே போயிற்று. அப்போது தெரிந்தது. என் வாழ்க்கையில் எத்தனை பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பியிருந்தாலும், இந்த ஒன்று தவறினால் நான் ஒன்றுக்கும் உதவாத டைம் கீப்பர்.

2.19க்கு ஊர் மண்டபத்து வாசலில் ஜீப் நின்றது.

நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். யாரும் தொப்பியைக் கழற்றவில்லை, போட்டிருந்தவர்கள் பெண்கள். பதிவு அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நம்ம இனம். மாலையோடு நின்ற வாலிபர் என் முகத்தைவிட முதலில் என் பேண்ட்டைத்தான் அடையாளம் கண்டார். மாலையைப் போட்டார். பிரமு தூண் பக்கம் நின்றாள். மயங்கவில்லை.

இசக்கி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பழைய கல்யாணச் சேலை. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"பெட்டியக் கட்டிப் போட்டியளாமே, மாமா?"

"ஒனக்குச் சேலை இருக்குல்லா. பத்திரமா வரணுமில்ல."

"நீங்க பத்திரமா வந்தா போதாதா?"

பதினொரு பத்தியையும் தூரப் போட்டேன்.  பெட்டியைத் திறந்து பட்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினேன். கைபிடித்து எழுப்ப வேண்டும், அதுதான் முறை. நீட்டிய கையை நான் பாதியில் நிறுத்தினேன்.

"இசக்கி, இந்தக் கல்யாணத்துல ஒனக்குச் சம்மதமாம்மா?"

பக்கத்தில் பிரமு ஒரு சத்தம் போட்டாள், இருமலா என்னவோ. தமிழ் தெரியாத மாப்பிள்ளை, ஏதோ கெட்டது நடக்கிறது என்று வெளுத்துப்போனார். ஏற்கனவே வெளுத்தவர், அதற்கும் மேலே வெளுத்தார்.

இசக்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி 2.22. அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

"இத நீங்க அன்னிக்குக் கேட்டிருந்தா, மாமா," என்றாள், "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா ஒங்க மடியில ஒக்காந்து அழுதுக்கிட்டே சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றேன். தெரியாது. இப்போதுதான் தெரிந்தது.

"இப்ப சம்மதம் மாமா."

என் கையை அவளே பிடித்தாள். ஆடுமாட்டோடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன கை. மாலை கழுத்தில், வைக்கோல் கயிறு இடுப்பில், நான் நடந்தேன். ராஜராஜ சோழன்கூட அப்படி நடந்திருக்க மாட்டார். அவருக்குப் பேண்ட் நழுவுகிற கவலை இருந்திருக்காது.

பதிவு அம்மாள் அவளிடம் அதே சம்மதத்தை ஆங்கிலத்தில் கேட்டார். நான் கேட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன், ஹில்டா காலை மிதித்தார். 2.29க்குக் கையெழுத்து ஆயிற்று.

பிறகு புல்வெளியில் ஸ்ட்ராபெரியும் பாலாடையும். பாலாடை மாப்பிள்ளை பண்ணையுடையது. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். இரண்டு என்று செல்லக்கனிக்குச் சொன்னேன். கட்டுப்போட்ட ஆட்டை இசக்கி, நான் போர்த்திய பட்டுச் சேலையோடு குனிந்து பார்த்தாள். சேலையில் சேறு. அதைவிட நல்ல இடத்துக்கு அந்தச் சேலை போயிருக்க முடியாது.

பிரமு என் தட்டில் கேக் வைத்தாள். பிறகு வடை வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் பேசியது அவசரத்துக்குப் பேசியதுதானோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஜூன் 15, ஞாயிறு. விண்டர்கோம்

காலை ஆறரைக்குப் பிரமு ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதிலிருந்து தொடங்கி, அப்படியே பின்னால் போய், அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவள் குடையை நான் தொலைத்தது வரை வந்தாள். நடுவில் என் புத்தி, என் மீசை, எனக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் வந்து போனார்கள். இட்லியை வைத்துக்கொண்டே திட்டினாள். சட்னியை ஊற்றிக்கொண்டே திட்டினாள். நான் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மலை, வெயில், ஆடுகள். இத்தனை நல்ல காலையை நான் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு மூச்சு வாங்க நிறுத்தினாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. வீடு அமைதியாகிவிட்டது. மறுபடி மூன்று வருடமா என்று பயந்துவிட்டேன்.

"இட்லி கல்லு மாதிரி இருக்கு, பிரமு" என்றேன்.

மறுபடி ஆரம்பித்தாள்.